காவலர் யாருக்குக் கணக்குக் கொடுப்பார்? பொது வைத்தியசாலைகளும் வெளிப் பணிப்பாளர்களும்

ஒரு பொது வைத்தியசாலை யாருடையது? அரசினுடையது என்பர் சட்டம் கற்றோர். மக்களுடையது என்பர் மேடையிற் பேசுவோர். அன்றாட நடைமுறையில் அஃது அதனை நிருவகிப்போருடையதாகவே இருந்துவருகிறது என்பதை, நோயாளியாய் அங்கு ஒரு நாளேனும் கழித்தவர் எவரும் அறிவர். இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கென மேலைநாட்டு நிருவாகவியலார் கையாளும் பதவியே ‘நிறைவேற்றதிகாரமற்ற பணிப்பாளர்’ என்பதாகும். நிறுவனத்தின் முழுநேர ஊழியராய் இராது, வெளியிலிருந்து வந்து, பணிப்பாளர் சபையில் அமர்ந்து, உள்ளே அதிகாரஞ் செலுத்துவோரைக் கேள்வி கேட்டு நெறிப்படுத்துபவர் என்பது அப்பதவிக்குக் கூறப்படும் இலக்கணம். சுருக்கங் கருதி அவரை இக்கட்டுரையில் வெளிப் பணிப்பாளர் என்றே குறிப்பிடுவோம்.

பொதுச் சுகாதாரத் துறையில் இப்பதவி தான் செய்வதாகக் கூறும் பணியைச் செய்யவில்லை. இன்றுள்ள வடிவில் அதனாற் செய்யவும் இயலாது. இதுவே எமது வாதம். இவ்வாதத்துக்கு இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையையே சான்றாகக் கொள்கிறோம். வெளிப் பணிப்பாளர் முறை அங்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்து வருகிறது என்பது ஒரு காரணம். தன் தோல்விகளைப் பகிரங்க விசாரணைகள் வாயிலாக இவ்வளவு விரிவாக எழுதிவைத்த சுகாதார அமைப்புகள் உலகில் மிகச் சிலவே என்பது மற்றைய காரணம். பின்னதற்காக அந்நாட்டவரைப் பாராட்டவே வேண்டும்.

இப்பதவியின் பிறப்பிடம் வைத்தியசாலையன்று, கம்பனி. அங்கு அதன் தர்க்கம் தெளிவானது. பணம் போட்டவர் பங்குதாரர். அதனைக் கையாள்பவர் முகாமையாளர். பின்னவர் முன்னவரை ஏமாற்றாதவாறு பார்த்துக்கொள்ளச் சபையில் வெளியார் சிலர் இருத்தல் நன்று. றொபேட் மக்ஸ்வெல் தம் ஊழியரின் ஓய்வூதிய நிதியைச் சூறையாடிய செய்தி 1991இல் வெளியானபின் இத்தர்க்கத்துக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. 1992ஆம் ஆண்டின் கட்பெரி அறிக்கை, ஒவ்வொரு கம்பனிச் சபையிலும் குறைந்தது மூன்று வெளிப் பணிப்பாளராவது இருத்தல் வேண்டுமென விதந்துரைத்தது. இவை யாவும் சந்தைக்குரிய ஏற்பாடுகள். சந்தையில் அவை எவ்வளவு பயன்தந்தன என்பது வேறு வினா. அதனுள் நாம் புகவேண்டியதில்லை.

வைத்தியசாலைக்குள் இத்தர்க்கம் எவ்வாறு நுழைந்தது? 1948 யூலை 5ஆந் திகதி தேசிய சுகாதார சேவை பிறந்தபோது, அனைரின் பெவன் வைத்தியசாலைகளை ஊதியம் பெறாத குழுக்களின் பொறுப்பில் விட்டார். அக்குழுக்களும் தேர்தலால் வந்தவையல்ல. ஊர்ப் பெரியோரும் வைத்தியருமே அவற்றை நிறைத்திருந்தனர். எனினும், கடைக்கோடி வைத்தியசாலையொன்றிற் படுக்கைக்கலம் நிலத்தில் வீழ்ந்தால் அதன் ஓசை பாராளுமன்றத்திற் கேட்கவேண்டும் என்பது அவர் கொள்கையாக இருந்ததாகக் கூறுவர். அதாவது, பொறுப்புக்கூறும் கயிறு விடுதியிலிருந்து அமைச்சர்வரை அறாது செல்லவேண்டும் என்பதே அதன் பொருள். 1974ஆம் ஆண்டின் மறுசீரமைப்பு, உள்ளூராட்சி மன்றங்களுக்குச் சுகாதார அதிகாரசபைகளில் இடமளித்ததோடு, நோயாளர் சார்பிற் பேசுவதற்கெனச் சமூகச் சுகாதார மன்றங்களையும் ஏற்படுத்தியது. இவ்விரண்டாவது கயிறு மெல்லியதே. ஆயினும் அது கயிறுதான்.

1983இல் தச்சர் அரசு, செயின்ஸ்பரி பல்பொருள் அங்காடியின் நிருவாகியான றோய் கிறிபித்ஸ் என்பவரிடம் சுகாதார சேவையின் முகாமைத்துவத்தைப் பரிசீலிக்கும் பணியை ஒப்படைத்தது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தம் விளக்குடன் இன்று வைத்தியசாலைத் தாழ்வாரங்களில் நடப்பாராயின், இங்குப் பொறுப்பாளர் யார் என்றே தேடித் திரிவார் எனும் கருத்துப்பட அவர் எழுதியது பெரும் புகழ் பெற்றது. அவர் கேட்டது நல்ல கேள்விதான். பொறுப்பாளர் யாருக்குப் பொறுப்பாளர் என்ற அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை என்பதே எமது குறை. 1990ஆம் ஆண்டின் சட்டம் சுகாதார அதிகாரசபைகளில் உள்ளூராட்சி மன்றங்களுக்கிருந்த நியமன உரிமையை அகற்றியது. 1991 ஏப்பிரலில் முதல் 57 வைத்தியசாலை நிறுவனங்கள் ‘ட்ரஸ்ற்’ எனும் பெயரில் தன்னாட்சி பெற்றன. ஒவ்வொன்றுக்கும் கம்பனிச் சபையைப் போன்றதொரு சபை. ஒரு தலைவர், ஐந்து வரையிலான வெளிப் பணிப்பாளர், அவர்களுக்கு ஈடாக நிறைவேற்றுப் பணிப்பாளர். பங்குதாரர் மட்டும் எங்கும் இல்லை!

இதில்தான் கோளாறு முழுவதும் அடங்கியிருக்கிறது. கம்பனியின் வெளிப் பணிப்பாளர் முகாமையாளரிடமிருந்து சுதந்திரமானவர். ஆயினும் உரிமையாளரிடமிருந்து சுதந்திரமானவரல்லர். பங்குதாரர் கூடி அவரை வெளியேற்றலாம். ட்ரஸ்ற்றின் வெளிப் பணிப்பாளரோ நோயாளியிடமிருந்தும் சுதந்திரமானவர். அவரை நியமித்தவர் அமைச்சர், அல்லது அமைச்சர் பெயரில் இயங்கும் ஓர் ஆணைக்குழு. எவரிடமிருந்து சுதந்திரம் என்று கேளாமல் சுதந்திரம் என்ற சொல்லை மட்டும் போற்றுவோர், யாருக்கும் கணக்குக் கொடாத காவலரை உருவாக்கிவிட்டு அதனை நடுநிலைமை என்கின்றனர்.

நோயாளி பங்குதாரரைப் போன்றவரல்லர் என்பதையும் மறத்தலாகாது. நட்டமடைந்த பங்குதாரர் விலைப்பட்டியலைப் பார்த்தே அதனை அறிவார். பங்கை விற்றுவிட்டு வெளியேறவும் அவராலியலும். தவறான சிகிச்சைக்குள்ளானவர் பெரும்பாலும் அது தவறென்றே அறியார். அறிந்தவரிற் பலர் அச்சத்தால் வாய்திறவார்; சிலர் இறந்தும் விடுவர். இத்தகையோர் நலனைக் காக்க வந்தவர், அவர்கள் தம்மைத் தேடி வரட்டுமெனக் காத்திருத்தல் எவ்வாறு?

பிரிஸ்ரல் நகரில் நிகழ்ந்ததை முதலிற் சுருங்கக் கூறுவோம். அங்கு 1984க்கும் 1995க்கும் இடையில் நடைபெற்ற குழந்தை இருதய சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்த கென்னடி விசாரணைக்குழு 2001இல் அறிக்கை வெளியிட்டது. 1991 முதல் 1995 வரையான காலத்தில் மட்டும், அத்தகைய பிரிவொன்றில் எதிர்பார்க்கத்தக்கதைவிட 30 முதல் 35 வரையிலான கைக்குழந்தைகள் கூடுதலாக இறந்திருந்தனர். மயக்கமருந்து வைத்தியரான ஸ்ரீபன் பொல்சின் பல ஆண்டுகள் எச்சரித்தும் பயனேற்படவில்லை. அதிகாரம் மிகச் சிலர் கையிற் குவிந்திருந்ததையும், ‘கழக மனப்பான்மை’ ஒன்று நிலவியதையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. அக்கழகத்தின் கதவைத் தட்டுவதற்கெனவே 1991 முதல் அங்கு வெளிப் பணிப்பாளர் இருந்தனர். சபை எனும் காவல் அக்குழந்தைகளுக்குப் பயன்படவில்லை.

பிரிஸ்ரலைப் புதிய முறையின் தொடக்ககாலத் தடுமாற்றம் என்று ஒருவர் மன்னிக்கக்கூடும். ஸ்ரபோர்ட் வைத்தியசாலையை எவ்வாறு மன்னிப்பது? மிட் ஸ்ரபோர்ட்சயர் ட்ரஸ்ற் 2006–07 நிதியாண்டில் ஒரு கோடி பவுண் மீதப்படுத்தத் தீர்மானித்து, ஏறக்குறைய 150 பணியிடங்களை அகற்றியது. உயர்தகுதி பெற்ற நிறுவனங்களுக்குரிய ‘ஃபவுண்டேசன் ட்ரஸ்ற்’ எனும் நிலையை அடைதல் அன்று அதன் பெருங் குறிக்கோள். அந்நிலை 2008 பெப்ரவரியிற் கிடைத்தது. அடுத்த மாதமே சுகாதாரப் பராமரிப்பு ஆணைக்குழு அங்கு விசாரணையைத் தொடங்கிற்று. 2009 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை கூறுவதைக் கேளுங்கள்: அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த நோயாளரை முதலிற் பார்த்து வகைப்படுத்தியவர்கள் மருத்துவப் பயிற்சியற்ற வரவேற்பாளர்கள். இருதயக் கண்காணிப்புக் கருவிகளை இயக்கத் தெரியாமையால் தாதியர் அவற்றை நிறுத்தி வைத்திருந்தனர். றொபேட் பிரான்சிஸ் தலைமையில் நடந்த விசாரணைகள் 2010இலும் 2013இலும் அறிக்கையிட்டன. அவற்றின்முன் உறவினர் அளித்த சாட்சியங்கள், உணவு எட்டாத தூரத்தில் வைக்கப்பட்டதையும், அழைத்தும் எவரும் வராமையால் முதியோர் தம் கழிவிலேயே கிடந்ததையும் விவரிக்கின்றன. (பத்திரிகைகள் அந்நாளிற் பரப்பிய இறப்புத் தொகைகளை நாம் இங்கு எடுத்தாளவில்லை. பிரான்சிஸ் அவர்களே அத்தகைய மதிப்பீடுகளில் தம் முடிவுகளை நிறுத்தவில்லை. எமது வாதத்துக்கும் அவை தேவையில்லை.)

இவை நடந்த காலமெல்லாம் சபை கூடிற்று. வெளிப் பணிப்பாளரும் ஒழுங்காக வந்தனர். அவர்கள் தீயோர் என்று எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லோம். தீயோராயின் சிக்கல் எளிது. அவரை நீக்கி நல்லோரை அமர்த்தினாற் போதும். அவர்கள் தமக்குக் கற்பிக்கப்பட்ட பாடத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தனர் என்பதே இங்குக் கவலைக்குரியது. அப்பாடம் யாது? ‘மூலோபாயம்’ சபையின் பணி. ‘அன்றாடச் செயற்பாடு’ நிறைவேற்று அதிகாரிகளின் பணி. முன்னவர் பின்னவர் எல்லைக்குட் புகுதல் முறையன்று. கம்பனி நிருவாக நூல்கள் அனைத்தும் போதிக்கும் இப்பிரிவினையை ஸ்ரபோர்ட் சபை வேதவாக்காகக் கொண்டது. நோயாளி பசித்துக் கிடப்பது செயற்பாடு. ஆகவே அது சபைக்குரியதன்று. ஃபவுண்டேசன் நிலையை அடைவது மூலோபாயம். ஆகவே சபையின் கவனம் அதற்கே. இதைவிடக் கொடிய பிரிவினையொன்றை நிருவாகவியல் இதுவரை படைத்ததில்லை எனலாம். ஒரு வைத்தியசாலைக்கு நோயாளியைப் பேணுவதன்றி வேறு மூலோபாயம் யாதுண்டு?

சபைக்கு எட்டிய செய்திகளின் தன்மையையும் நோக்குவோம். முறைப்பாடுகள் சபைமுன் வந்தன; ஆனால், எண்ணிக்கையாக வந்தன. இத்தனை பெறப்பட்டன, இத்தனை குறித்த தவணைக்குள் மறுமொழி பெற்றன என்றவாறு. கடிதங்களின் உள்ளடக்கம் வரவில்லை. தாயை இழந்த மகள் எழுதிய நான்கு பக்கங்கள் ஓர் அட்டவணையின் ஒரு கோடாக மாறியபின், அதில் வாசிக்க என்ன இருக்கிறது? 2007இல் ‘டொக்ரர் பொஸ்ரர்’ எனும் புள்ளிவிவர நிறுவனம், அவ்வைத்தியசாலையின் நியமப்படுத்திய இறப்புச் சுட்டெண் 127 என வெளியிட்டது. நாட்டின் சராசரி 100. அதற்கு ட்ரஸ்ற் கண்ட விளக்கம், நோய்களுக்குக் குறியீடிட்ட எழுதுவினைஞரின் தவறு என்பதாகும். அவ்விளக்கத்தைச் சபையும் ஏற்றது. தன் வீட்டில் புகைமணம் வந்தால் மூக்கிற் கோளாறு என்பவர் எவருமில்லை; பிறர் வீடாயின் அவ்விளக்கம் ஏற்கத்தக்கதாகிவிடுகிறது.

இங்கு ஓர் அடிப்படை உண்மை புலப்படுகிறது. வெளிப் பணிப்பாளர் யாரைக் கண்காணிக்க வந்தாரோ, அவரிடமிருந்தே தம் தகவல் அனைத்தையும் பெறுகிறார். நிகழ்ச்சிநிரல், அறிக்கைகள், பச்சையும் சிவப்புமாய் நிறந்தீட்டிய அட்டவணைகள் யாவும் பிரதம நிறைவேற்று அதிகாரியின் அலுவலகத்திலேயே ஆக்கப்படுகின்றன. வெளிப் பணிப்பாளருக்கெனத் தனிச் செயலகமில்லை. இரண்டு மூன்று நாட்களே அவர் மாதந்தோறும் இப்பணிக்குச் செலவிடுகிறார். 2019ஆம் ஆண்டின் ஒழுங்கின்படி அதற்குரிய படி ஆண்டொன்றுக்கு 13,000 பவுண். அதற்குமுன் ட்ரஸ்ற்றுகளில் அது 6,157 பவுண். இத்தொகை மிகையா குறைவா என்பதன்று வினா. ஆயிரக்கணக்கான ஊழியரும் இலட்சக்கணக்கான நோயாளரும் உள்ள ஒரு நிறுவனத்தை, அதே நிறுவனம் அனுப்பும் காகிதக் கட்டை மட்டும் துணைக்கொண்டு, மாதத்தில் மூன்று நாட்களில் எவர் காவல்செய்வார்? போதாக்குறைக்கு, ஒன்றிணைந்த சபை என்ற கோட்பாட்டின்படி, எடுக்கப்படும் முடிவுகள் யாவற்றுக்கும் அவரும் கூட்டாகப் பொறுப்பாளி. பணியிடங்களை அகற்றும் தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவரே அத்தீர்மானத்தின் விளைவுகளை விசாரிக்கும் நீதிபதியாகவும் அமர்கிறார்.

எம்மை மறுப்போர் கூறுவனவற்றையும் கேட்போம். வைத்தியம் கல்லாத வெளியார் விடுதிக்குட் புகுந்து என்ன கண்டுவிடுவர் என்பது முதல் மறுப்பு. அழைப்புமணிக்கு மறுமொழி இல்லாமையையும், தீண்டப்படாத உணவுத்தட்டையும் காண்பதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. ஸ்ரபோர்ட்டில் அவற்றை முதலிற் கண்டவர்கள் பட்டம் பெற்றோரல்லர். படுக்கையருகில் அமர்ந்திருந்த பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே. அவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்திய இயக்கமே நாட்டின் கவனத்தைத் திருப்பியது.

மற்றைய மறுப்புச் சற்று வலுவானது. மக்கள் பிரதிநிதிகளைச் சபையில் அமர்த்தினால் கட்சி அரசியல் புகுந்துவிடும். ஆதலால் தகுதி நோக்கி மேலிருந்து நியமித்தலே சிறந்தது என்பர். மேலிருந்து நியமித்தமையால் அரசியல் புகாதிருந்ததா? தொண்ணூறுகளின் முற்பகுதியில் கொன்சவேற்றிவ் கட்சிச் சார்பான வணிகர் சபைகளை நிரப்பினர் என்ற குற்றச்சாட்டு எங்கும் ஒலித்தது. ஆட்சி மாறிய பின்னர், பொது நியமனங்களுக்கான ஆணையாளர் றெனி பிறிச்சி 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தபோது, தொழிற்கட்சியினரின் பக்கம் நியமனங்கள் சாய்ந்திருந்தமை வெளிப்பட்டது. ஆகவே தெரிவு அரசியலுக்கும் அரசியலின்மைக்கும் இடையிலன்று. பகிரங்க அரசியலுக்கும் மறைமுக அரசியலுக்கும் இடையிலேயே. முன்னதில் வாக்காளர் தோற்கடிக்கவாவது முடியும்.

ஸ்ரபோர்ட்டின் பின்னர் சீர்திருத்தங்களே நிகழவில்லையா எனின், நிகழ்ந்தன. பிரான்சிஸ் 2013இல் முன்வைத்த விதந்துரைகள் 290. பணிப்பாளர் பதவிக்குத் தகுதியானவரா எனச் சோதிக்கும் ஒழுங்குவிதி 2014இல் வந்தது. பின்னர், துணிந்து குறைகூறும் ஊழியருக்கு ஆதரவாக ஒரு வெளிப் பணிப்பாளர், மகப்பேற்றுப் பிரிவின் பாதுகாப்புக்கென ஒரு வெளிப் பணிப்பாளர் என்று புதிய பட்டங்கள் வந்தன. இவற்றுள் இரண்டாவது, சுறூஸ்பரி–ரெல்போர்ட் ட்ரஸ்ற்றின் மகப்பேற்றுப் பிரிவை ஆராய்ந்த ஒக்கென்டன் அம்மையாரின் 2020ஆம் ஆண்டு அறிக்கையின் விளைவு. அவரது இறுதி அறிக்கை 2022இல் வெளியானபோது, மேலான பராமரிப்புக் கிடைத்திருப்பின் 201 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்பது தெரியவந்தது. ஏறத்தாழ இருபதாண்டுகாலச் சம்பவங்கள் அவை. அங்கும் சபை இருந்தது. வெளிப் பணிப்பாளர் இருந்தனர். ஒவ்வொரு பேரழிவின் பின்னரும் அதே மனிதரின் மார்பில் மேலுமொரு பட்டத்தைக் குத்துவதைச் சீர்திருத்தம் என்று ஏற்க எம்மால் இயலாது.

இவ்வமைப்பில் உரிமையாளரின் நிழலேனும் தென்பட்ட இடம் ஒன்றுண்டு. 2004 முதல் தோன்றிய ஃபவுண்டேசன் ட்ரஸ்ற்றுகளில், உறுப்பினராய்ப் பதிந்த பொதுமக்களும் ஊழியரும் ஆளுநர் மன்றமொன்றுக்குப் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்தனர். தலைவரையும் வெளிப் பணிப்பாளரையும் நியமிக்கும் அதிகாரமும், நான்கில் மூன்று பங்கினர் இசைந்தால் அவர்களை நீக்கும் அதிகாரமும் அம்மன்றத்துக்கு அளிக்கப்பட்டன. ஸ்ரபோர்ட்டில் அது பயன்படவில்லையே எனலாம். உண்மை, 2008இற் பிறந்த ஒரு மன்றம், கதவடைத்துக் கூட்டம் நடத்தும் பழக்கமுடைய ஒரு சபையை எவ்வாறு அறியும்? ஃபவுண்டேசன் ட்ரஸ்ற்றுகளின் சபைக் கூட்டங்கள் பகிரங்கமாக நடைபெறவேண்டும் என்பதையே 2012ஆம் ஆண்டின் சட்டம்தான் கட்டாயமாக்கிற்று.

இங்கிலாந்தின் கதை நமக்கெதற்கு என்பார்க்கு ஒரு சொல். ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பொது வைத்தியசாலை, 1983ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின்படி, திணைக்கள முறைக்குப் புறம்பாகத் தனிச் சபையொன்றின்கீழ் அமைக்கப்பட்டது. நிதி நெருக்கடி வருந்தோறும், வைத்தியசாலைகளைச் சபைகளின் பொறுப்பில் விடுவதே மருந்தென ஆலோசனை கூறுவோர் நம்மிடையே தோன்றுவர். அவர்களிடம் சபையில் எத்தனைபேர் எனக் கேட்பதைவிட, அவர்களை நீக்க யாரால் முடியும் எனக் கேட்டல் வேண்டும். இம்மலரை வாசிப்போருக்கு இவ்வினா புதிதுமன்று. 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டத்தின்கீழ் நமது பேரவைகளிலும் மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார் அமர்கின்றனர். அவர்களுள் எவரது பெயரையேனும் சொல்லக்கூடிய மாணவர் நம்முள் எத்தனைபேர்? விடுதி வசதிகளைப் பற்றி அவர்களுள் எவரேனும் நம்மிடம் என்றேனும் வினவியதுண்டா?

வெளியார் சபையில் இருக்கவே கூடாதென நாம் கூறவில்லை. உள்ளிருப்போரை மட்டும் நம்பிய காலத்தின் இலட்சணத்தையும் நாம் அறிவோம். வைத்தியசாலையின் பரப்பெல்லைக்குள் வாழ்வோரே வெளிப் பணிப்பாளரைத் தெரிவுசெய்யவும் திருப்பியழைக்கவும் வேண்டும். அவர்களுக்கென, பிரதம நிறைவேற்று அதிகாரிக்குக் கட்டுப்படாத ஊழியரும் தகவற் பிரிவும் வேண்டும். முறைப்பாட்டுக் கடிதங்கள் தொகையாகவன்றிக் கடிதங்களாகவே, எழுதியவரின் சொற்களிலேயே, சபை மேசைக்கு வரவேண்டும். முன்னறிவித்தலின்றி, இரவிலும், விடுதிகளுக்குட் செல்லும் உரிமை அவர்களுக்கு வேண்டும். அது செயற்பாட்டில் தலையிடுதலாயின் தலையிடட்டும்.

இதற்கு நேரெதிரான திசையிலேயே இங்கிலாந்து இன்று செல்கிறது. சமூகச் சுகாதார மன்றங்கள் அங்கு 2003இலேயே ஒழிக்கப்பட்டன. 2025 யூலையில் அரசு வெளியிட்ட பத்தாண்டுச் சுகாதாரத் திட்டம், ஃபவுண்டேசன் ட்ரஸ்ற்றுகளுக்கு ஆளுநர் மன்றம் இருக்கவேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. நோயாளர் கருத்தை அறிவதற்கு இதைவிடத் துடிப்பான வழிகள் கையாளப்படும் என்பது அதற்குக் கூறப்படும் சமாதானம். கருத்தை அறிவது வேறு. பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் வேறு. ஆளுநர் மன்றங்கள் வலுவற்றிருந்தன எனின், அவற்றுக்கு வலுவூட்டும் வழியை அத்திட்டம் ஏன் நாடவில்லை?